கவர்னரை யார் கேட்பது? – கோட்டைக் காலம் முதல் தமிழ்நாடு வரை

"மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும் சார். ஆனா வருஷத்தையும் தேதியையும் அடுக்கித் தூங்க வெச்சிடாதீங்க" என்று மலர்க்குழு நண்பர்கள் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். தேதி இல்லாத சரித்திரம் உப்பில்லாத ரசம் மாதிரி. ஆகவே தேதிகள் வரத்தான் செய்யும். தூக்கம் வராமலிருக்க ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போவோம்.

நம் மாநிலத்துக்கு 1640 தொடங்கி இன்றுவரை வந்த கவர்னர்களின் பட்டியலை எழுதினால் இந்த மலரில் பல பக்கம் பிடிக்கும். வியாபாரி, படைத்தளபதி, பிரபு, மகாராஜா, அரசியல்வாதி என்று எல்லா ரகமும் அதில் உண்டு. எல்லாரையும் சொல்லப் போவதில்லை. "கவர்னர் தப்புப் பண்ணினால் அவரை யார் கேட்பது?" என்ற கேள்விக்கு யாருடைய காலத்தில் புதிய பதில் கிடைத்ததோ, அவர்களை மட்டும் பார்ப்போம். ஒரு கடற்கரைக் கோட்டை ராஜதானியாகி, ராஜதானி மாநிலமாகி, மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்ற கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பதவி பிறந்த விதம்

1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றார். சென்னை தினம் என்று ஆகஸ்ட் 22ஆம் நாளைக் கொண்டாடுகிறோமே, அது இதற்காகத்தான். அடுத்த ஆண்டே ஆண்ட்ரூ கோகனும் டேயும் கோட்டை கட்டும் வேலையை ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே கவர்னர் என்று யாரும் கிடையாது. கும்பினியின் தலைமைக் குமாஸ்தாவுக்கு 'ஏஜெண்ட்' என்று பெயர். துணி வாங்கி, தரம் பார்த்து, கப்பலில் ஏற்றுவதுதான் அவர் வேலை.

கவர்னர் என்ற பட்டம் எப்படி வந்தது தெரியுமா? ஒரு கொலை வழக்கால் வந்தது! 1665ஆம் ஆண்டு கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருத்தி, தன் அடிமைப் பெண்ணைக் கொன்றுவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. துணி வாங்குகிற ஏஜெண்டுக்குக் கொலை வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டா? லண்டனுக்கு எழுதிக் கேட்டார்கள். 1661ஆம் ஆண்டின் அரச சாசனம் 'கவர்னரும் கவுன்சிலும்' விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தது. சரி, ஏஜெண்டையே கவர்னர் ஆக்கிவிட்டால் போயிற்று என்று கும்பினி முடிவு செய்தது. வழக்கில் ஜூரி அந்தப் பெண்மணியை விடுதலை செய்துவிட்டது. செத்துப்போன அடிமைப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கோட்டைக்குக் கவர்னர் கிடைத்தார்.

அந்த முதல் கவர்னர் ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட். பாவம், பட்டம் வந்து சேர்ந்தபோது மனுஷன் சிறையில் இருந்தார். அவருக்கு முன்பு ஏஜெண்டாக இருந்த எட்வர்ட் வின்ட்டர், தன்னை மாற்றிவிட்டார்களே என்ற ஆத்திரத்தில், ஃபாக்ஸ்கிராஃப்ட் அரசருக்கு விரோதமாகப் பேசினார் என்று சொல்லி 1665 செப்டம்பரில் ஆயுதத்தோடு பாய்ந்தார். கவுன்சில் உறுப்பினர் ஒருவர் செத்தார்; ஃபாக்ஸ்கிராஃப்ட் காயத்தோடு உள்ளே போனார். லண்டனிலிருந்து கப்பல்கள் உத்தரவோடு வந்து அவரை வெளியே விட்டது 1668 ஆகஸ்டில். ஏறக்குறைய மூன்று வருஷம்!

அந்தக் காலத்தில் நம் கேள்விக்குப் பதில் இதுதான்: கவர்னரைக் கேட்க வேண்டியவர்கள் லண்டனில் இருந்த கும்பினி டைரக்டர்கள். ஒரு கடிதம் போய் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். அந்த இடைவெளியில் கோட்டைக்குள் நடப்பதெல்லாம் கவர்னர் இஷ்டம், அல்லது கவர்னரைப் பிடித்துக் கட்டிப்போடுகிறவன் இஷ்டம்.

கல்லூரிக்குப் பெயர் கொடுத்தவர்

கும்பினி கொடுத்த சம்பளம் சொற்பம். ஆனால் சொந்த வியாபாரம் செய்துகொள்ள இடம் உண்டு. இதன் பலனை எலிஹு யேல் கதையில் பார்க்கலாம். 1672இல் சாதாரண எழுத்தராகச் சென்னை வந்தவர், 1687இல் கவர்னர் ஆனார். அவர் காலத்தில்தான் 1688ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி தொடங்கியது. அதே காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. பதவியை வைத்துச் சொந்த லாபம் பார்த்தார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் அவரை நீக்கினார்கள். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், மாநகராட்சியின் முதல் மேயராக இருந்த நத்தானியேல் ஹிக்கின்சன்.

யேல் சும்மா இருந்துவிடவில்லை. பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலை போனது. நன்றிக்கு அவர்கள் அவர் பெயரையே கல்லூரிக்கு வைத்துவிட்டார்கள். இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான். கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கிற பழைய மாணவர்கள் நிறைந்த இந்தச் சபையில், சென்னைப் பட்டணத்தில் சேர்த்த காசு எங்கே போய்ப் பெயர் வாங்கியது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

கவர்னரையே கைது செய்த கவுன்சில்

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் திரும்பக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கும்பினி வெறும் வியாபாரியாக இல்லை. ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குப் படை கொடுத்து, அதற்குச் செலவுக் கணக்கு எழுதி, அவரைக் கடனில் மூழ்க அடித்தது. கோட்டையில் இருந்த கும்பினி ஊழியர்கள் பலர் தனிப்பட்ட முறையிலும் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள்.

1773இல் நவாபு கும்பினிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். இது அநியாயம், தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடு என்ற உத்தரவோடு 1775இல் வந்தவர் பிகாட் பிரபு. ஏற்கெனவே 1755 முதல் 1763 வரை இங்கே கவர்னராக இருந்த பழைய ஆசாமிதான். சொன்னபடியே 1776இல் தஞ்சையை மீட்டுக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர், "நவாபு எனக்குத் தர வேண்டிய கடனுக்குத் தஞ்சை வயல்களின் விளைச்சல்தான் ஈடு" என்று ஒரு பெரிய தொகைக்குக் கணக்கு நீட்டினார். கவுன்சிலில் பெரும்பான்மையோர் பென்ஃபீல்டு பக்கம். பிகாட் மசியவில்லை. எதிர்த்த உறுப்பினர்களைச் சஸ்பெண்ட் செய்தார். அவர்கள் 1776 ஆகஸ்ட் 24ஆம் தேதி இரவு, வண்டியில் போய்க்கொண்டிருந்த கவர்னரை வழிமறித்துக் கைது செய்துவிட்டார்கள்!

லண்டனிலிருந்து அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. ஆனால் அது வருவதற்குள், 1777 மே 11ஆம் தேதி, காவலில் இருந்தபடியே பிகாட் இறந்துபோனார். கைது செய்த நால்வர் மீது லண்டனில் 1779இல் வழக்கு நடந்தது. தண்டனை என்ன? ஆளுக்கு 1000 பவுன் அபராதம். அவர்கள் சேர்த்திருந்த சொத்துக்கு அது வெற்றிலைப் பாக்குச் செலவு.

இந்தச் சண்டையில் தஞ்சை உழவனின் நெல் யாருக்கு என்பதுதான் விஷயம். அந்த உழவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவர்னர் நல்லவரா கெட்டவரா என்பதைக் காட்டிலும் இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அன்றைக்குக் கவர்னரைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அவருடைய பங்காளிகளே தவிர, ஆளப்பட்டவர்கள் ஒருவரும் இல்லை.

வேலூர் கேட்ட கேள்வி

ஆளப்பட்டவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே 1801இல் கர்நாடகப் பிரதேசம் முழுவதும் கும்பினி கைக்குப் போயிற்று. அப்போது கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ்; பிளாசிப் போர் ராபர்ட் கிளைவின் மகன். சென்னைக் கோட்டை இப்போது ஒரு பெரிய ராஜதானியின் தலைமையிடம்.

1806 ஜூலை 10ஆம் தேதி விடியற்காலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவுகள் கடைசிப் பொறி. அன்றே அடக்கிவிட்டார்கள், ஆனால் லண்டன் நடுங்கிவிட்டது. 1807இல் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சிப்பாய்களின் ரத்தம் சிந்திய பிறகாவது, இந்நாட்டு மக்கள் செய்த ஒரு காரியத்துக்காக ஒரு கவர்னர் பதவி இழந்தது அப்போதுதான். அதே பெண்டிங் 1828இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். அந்தக் காலத்து 'டிரான்ஸ்ஃபர்' அப்படி!

மன்றோவும் எழுபதாயிரம் கையெழுத்தும்

சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சர் தாமஸ் மன்றோ. குதிரைக்கு அங்கவடி இல்லை என்று யாராவது உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். 1780இல் சாதாரணப் படைப் பயிற்சியாளராக வந்து, சேலம் பக்கத்துப் பாராமகாலில் கிராமம் கிராமமாகத் திரிந்து, நம் மக்களின் மொழிகளைப் பேசக் கற்றவர். 1820இல் கவர்னர் ஆனார். ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழவனிடமே நேராக நிலவரி வாங்குகிற ரயத்துவாரி முறை அவர் கையால் நிலைபெற்றது. வரி கடுமைதான். ஆனால் உழவன் பெயர் அரசாங்கக் கணக்கில் ஏறியது. பெரிய உத்தியோகங்களில் இந்தியர்களைச் சேர்க்காமல் ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவுபடுத்துவதாகும் என்று எழுதிய அதிகாரியும் அவரே. 1827 ஜூலை 6ஆம் தேதி சுற்றுப்பயணத்தில், பட்டிக்கொண்டாவில் காலராவில் இறந்தார்.

மன்றோ நல்லவர் என்பதால் நமக்கு நல்லது நடந்தது. அடுத்தவர் எப்படியோ, யார் கண்டது? இந்த 'யார் கண்டது' நிலையை மாற்ற மக்கள் எடுத்த முதல் அமைதியான முயற்சி கல்வி விஷயத்தில் நடந்தது. 1839 நவம்பரில், ஆங்கிலக் கல்விக்கு ஒரு உயர்நிலை நிறுவனம் வேண்டும் என்று ஏறத்தாழ 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் கொடுக்கப்பட்டது. போட்டோ ஸ்டாட் இல்லாத காலம், டெலிபோன் இல்லாத காலம், எழுபதாயிரம் கையெழுத்து! அதன் பலனாக 1841இல் திறந்த உயர்நிலைப் பள்ளிதான் பின்னாளில் பிரசிடென்சி கல்லூரியாக வளர்ந்தது.

1857 செப்டம்பர் 5ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது. சென்னைக் கவர்னரே அதன் வேந்தர் என்று அந்தச் சட்டம் வைத்தது. முதல் வேந்தர் ஹாரிஸ் பிரபு. நம்மில் எத்தனையோ பேர் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பட்டமளிப்பு விழாவில் வரிசையில் நின்றபோது மேடையில் கவர்னர் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அந்த ஏற்பாடுதான்.

மேலே உள்ளவரை எதிர்த்தவர்கள்

1858இல் கும்பினி ஆட்சி ஒழிந்து, விக்டோரியா மகாராணியின் ஆட்சி வந்தது. கவர்னருக்கு மேலே கல்கத்தாவில் வைஸ்ராய். அவருக்கு மேலே லண்டனில் மந்திரி. தந்தி வந்துவிட்டதால் ஒரு வருஷம் காத்திருக்கிற கதையும் முடிந்தது.

1859இல் வந்த சார்லஸ் ட்ரெவெலியன் ஒரு பிடிவாதக்காரர். மத்திய அரசின் ஜேம்ஸ் வில்சன் வருமான வரி கொண்டுவந்தபோது, "செலவைக் குறையுங்கள், புது வரி வேண்டாம்" என்று எழுதினார். எழுதியதோடு விட்டாரா? அந்தக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் வெளியிட்டுவிட்டார். 1860இல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மக்கள் பக்கம் பேசிய கவர்னருக்கு மேலிடம் தந்த பரிசு அது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியைக் குறைக்க வேண்டுமென்று வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் உழைப்பவன் சாவான் என்று வாதாடினார். சென்னை அரசும் கடைசியில் கூலியை உயர்த்தியது. 1877 ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் போட்டு, இங்கிலாந்து மக்களிடமே நேராக உதவி கேட்டார்கள். வைஸ்ராய்க்கு இது பிடிக்கவில்லை. அதற்குள் லட்சக்கணக்கானோர் மாண்டுவிட்டார்கள். பஞ்ச நிவாரணமாகத் தோண்டி இணைத்த பக்கிங்ஹாம் கால்வாய் இன்றும் சாட்சி.

ஓட்டுப் போட முடியாத ஜனங்கள் செத்தார்கள். ஓட்டு இருந்திருந்தால் அந்த ஒரு பவுண்டு உத்தரவு வந்திருக்குமா? 1884இல் சென்னை மகாஜன சபை தோன்றியதையும், அடுத்த ஆண்டு காங்கிரஸ் தோன்றியதையும் படிக்கும்போது மாணவர்கள் இந்தப் பஞ்சத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி

சட்டமன்றம் என்று ஒன்று 1861ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் உறுப்பினர்களைக் கவர்னரே பொறுக்கி எடுப்பார். 1892, 1909 சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தன. 1917 ஜூனில் கவர்னர் பென்ட்லாந்து, அன்னி பெசன்டையும் அவருடைய இரு தோழர்களையும் காவலில் வைத்தார். அடங்கிவிடும் என்று நினைத்தார், நாடெங்கும் பற்றிக்கொண்டது. செப்டம்பரில் விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மையார் காங்கிரஸ் தலைவராகிவிட்டார்.

1919ஆம் ஆண்டுச் சட்டப்படி இரட்டையாட்சி வந்தது. போலீஸ், நிதி, நிலவரி போன்றவை கவர்னர் கையில். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்றவை மந்திரிகள் கையில். பெட்டிச் சாவி கவர்னரிடம், பெட்டி மந்திரியிடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார், அடுத்த ஆண்டு பனகல் அரசர். அரைகுறைதான் என்றாலும், கவர்னர் வில்லிங்டனுக்கு எதிரே ஓட்டு வாங்கி வந்த ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

1934 மே மாதம் இன்னொரு முதல். கவர்னர் ஸ்டான்லி தற்காலிக வைஸ்ராயாகப் போனதால், முகமது உஸ்மான் மூன்று மாதம் தற்காலிகக் கவர்னராக இருந்தார். ஃபாக்ஸ்கிராஃப்ட் காலத்துக்குப் பின் ஏறக்குறைய 270 ஆண்டு கழித்து, அந்த இடத்தில் முதன்முறையாக ஒரு இந்தியர்! 1936இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவும் அப்படிச் சில மாதம் இருந்தார்.

1937 தேர்தலில் காங்கிரஸ் 215இல் 159 இடங்களைப் பிடித்தது. ராஜாஜி உடனே பதவி ஏற்றிருக்கலாம். ஏற்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் கவர்னருக்குத் தனி அதிகாரங்கள் கொடுத்திருந்தது. "அன்றாட நிர்வாகத்தில் அந்த அதிகாரத்தைக் காட்டி எங்களை மடக்க மாட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்பது காங்கிரசின் நிபந்தனை. மூன்று மாதத்துக்கு மேல் இழுபறி. நடுவில் வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால மந்திரிசபை. வைஸ்ராய் லின்லித்கோ சமாதானமாக ஒரு விளக்கம் கொடுத்த பிறகுதான் ஜூலையில் ராஜாஜி பதவி ஏற்றார். 1665 முதல் நாம் கேட்டு வரும் கேள்வியை, மக்கள் பிரதிநிதி ஒருவர் கவர்னர் முகத்துக்கு நேரே கேட்டுப் பதில் வாங்கியது அப்போதுதான்.

ஆனால் எழுத்தில் இருந்த அதிகாரம் எழுத்திலேயே இருந்தது. 1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து மந்திரிசபை விலகியது. உடனே 93ஆவது பிரிவைக் கையில் எடுத்தார் கவர்னர் எர்ஸ்கின். அவரும் அவருக்குப் பின் வந்த ஆர்தர் ஹோப்பும் ஆலோசகர்களை வைத்துக்கொண்டு 1946 ஏப்ரல் வரை ஆறரை வருஷம் சட்டமன்றம் இல்லாமலேயே ஆண்டார்கள். எதிர்ப்பை எழுப்பிய கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் எர்ஸ்கின் எடுத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது மக்கள் கேட்டது. கொடுத்தது சட்டமன்றம் அல்ல, கவர்னர் கையெழுத்து.

ராஜதானி மாநிலமாகிறது

கடைசி ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் ஆர்ச்சிபால்ட் நை. 1946 மே மாதம் வந்தவர், சுதந்திரத்துக்குப் பிறகும் 1948 செப்டம்பர் வரை தொடர்ந்தார். பிறகு அவரே டில்லியில் பிரிட்டனின் ஹைகமிஷனர். அவர் இடத்துக்கு வந்தவர் பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி. நிரந்தரமாக நியமனம் பெற்ற முதல் இந்தியர் இவரே.

அரசியல் நிர்ணய சபையில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அப்படிச் செய்தால் ஓட்டு வாங்கிய கவர்னரும் ஓட்டு வாங்கிய முதலமைச்சரும் மல்லுக்கு நிற்பார்கள் என்று பயந்து, 1949 மே மாதம், குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மாற்றினார்கள். 1950 ஜனவரி 26 முதல் ராஜதானி 'சென்னை மாநிலம்' ஆயிற்று. கவர்னர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். ஆனால் சில இடங்களில் அவருடைய விருப்பத்துக்கும் இடம் வைத்தார்கள்.

அந்த 'சில இடங்கள்' என்ன செய்யும் என்பது 1952லேயே தெரிந்துவிட்டது. முதல் பொதுத்தேர்தலில் 375இல் காங்கிரசுக்கு 152 இடந்தான். பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து 166 பேர் இருப்பதாகச் சொன்னார்கள். கவர்னர் ஸ்ரீ பிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1937இல் கவர்னரின் தனி அதிகாரத்தை எதிர்த்து வாசலிலேயே நின்ற அதே ராஜாஜி, 1952இல் கவர்னரின் விருப்பத்தால் உள்ளே போனார்! ராஜாஜி பிற்பாடு சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்டினார் என்பதும் உண்மை. அன்று நடந்தது சரியா தப்பா என்று பட்டிமன்றம் வைக்க விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்காது.

அதற்குள் மாநிலமே உருமாறத் தொடங்கிவிட்டது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் தனி மாநிலமானது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடம் பெரும்பாலும் மைசூருக்கும் போயின. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. இந்தக் கோடுகளை எந்தக் கவர்னரும் வரையவில்லை. தெருவில் இறங்கிய மக்களும், நாடாளுமன்றச் சட்டமும் வரைந்தன.

பிறகு வந்த கவர்னர்களைப் பாருங்கள். ஏ. ஜே. ஜான் திருவிதாங்கூர்-கொச்சியின் முன்னாள் முதலமைச்சர். விஷ்ணுராம் மேதி அசாமின் முன்னாள் முதலமைச்சர். 1964இல் வந்தவர் மைசூர் ஜெயசாமராஜ உடையார். 1799இல் திப்புவை வீழ்த்திய படையில் பெரும்பகுதி சென்னை ராஜதானியின் படை. அந்த வெற்றிக்குப் பிறகு கும்பினி அரியணையில் உட்கார வைத்த மைசூர் வம்சத்து மன்னர், சென்னைக்கே கவர்னராக வந்தார். சரித்திரத்துக்கும் நகைச்சுவை உண்டு!

பெயர் மட்டும் பாக்கி. 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கக் கோரி உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் துறந்தார். 1967 ஜூலை 18ஆம் தேதி, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலன்று, பெயர் நடைமுறைக்கு வந்தது. அன்று கவர்னர் சர்தார் உஜ்ஜல் சிங். நூற்றாண்டுகளாகக் கோட்டையின் பெயரால் நடந்த பதவி, அன்றுதான் மக்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயருக்குக் கீழே வந்தது.

இப்போது யார் கேட்பது?

ஆட்டின் தாடியோடு ஒப்பிட்டு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று கேட்ட அண்ணாவின் வாசகம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தக் கேள்வி எழுந்த மண்ணிலேயே 1976இலும் 1991இலும் மந்திரிசபைகள் கலைக்கப்பட்டன. 1991 ஜனவரியில் கவர்னர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே கலைத்தார்கள். 1994இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும், கவர்னர் மாளிகையில் அல்ல என்று சொன்னது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களைக் கவர்னர் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்ற வழக்கில், நம் மாநிலத்தையொட்டியே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்து காலக்கெடு விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, நீதிமன்றம் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. ஆகக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. வித்தியாசம் இவ்வளவுதான்: பிகாட் காலத்தில் இரவோடு இரவாக வண்டியை மறித்துக் கேட்டார்கள். இப்போது சட்டமன்றத்திலும், கோர்ட்டிலும், பத்திரிகையிலும், ஓட்டுச் சாவடியிலும் கேட்கிறோம். இந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் பட்டியல், கவர்னர்கள் பட்டியலைவிட நீளமானது. அதில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயரே இல்லை.

இளைய மாணவத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைக்குப் போனால் ராஜாஜி மண்டபத்தின் படிக்கட்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திப்புவை வென்றதையும் பிளாசியில் வென்றதையும் கொண்டாட, 1802இல் கவர்னர் கிளைவ் கட்டிய விருந்து மண்டபம் அது. பக்கத்தில் இருந்த பழைய கவர்னர் மாளிகை புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டுவிட்டது. அந்த வளாகமும் பிறகு அரசு மருத்துவமனை ஆகிவிட்டது. மண்டபம் மட்டும் நிற்கிறது. அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய தலைவர்களின் உடலைப் பார்க்க, சாதாரண ஜனங்கள் லட்சக்கணக்கில் வரிசையாக வந்த படிகள் அவை. கிளைவ் விருந்து வைத்த காலத்தில் அந்த ஜனங்களின் முன்னோரை அந்தப் படிக்குப் பக்கத்தில்கூட விட்டிருக்க மாட்டார்கள்.